ஊரே எதிராக நிற்கும்போது வக்கீலால் என்ன செய்ய முடியும்?

கேள்வி: நிறவெறி வேரோடிய ஓர் ஊரில், ஒருவனைக் குற்றவாளி என்று ஊரே முடிவுகட்டிவிட்ட பிறகு, அவனுக்காக வாதாடும் வழக்கறிஞரால் உண்மையில் ஏதாவது செய்ய முடியுமா? வரலாற்றில் அப்படி ஒரு வழக்கைச் சொல்ல முடியுமா?

முடியும். ஆனால் சினிமாவில் வருவதுபோல, கடைசி நாள் வக்கீல் எழுந்து உருக்கமாகப் பேச, ஜூரிகள் மனம் மாறி விடுதலை கொடுப்பதெல்லாம் அநேகமாக நடக்காது. அந்த ஊர் நீதிமன்றத்தில் தோற்பதற்குத் தயாராகத்தான் போக வேண்டும். தோற்றாலும் இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று, கட்சிக்காரரின் உயிரைப் பிடித்து வைத்திருக்கலாம். இன்னொன்று, தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருப்பவர்கள் எப்படி அந்த நாற்காலிக்கு வந்தார்கள் என்பதைக் கேள்வி கேட்டு, பதிலை ரெக்கார்டில் ஏற்றிவிடலாம். மேல் கோர்ட்டில் பேசப்போவது அந்த ரெக்கார்டுதான்.

நான் செஷன்ஸ் கோர்ட்டில் கிரிமினல் பக்கம் இருப்பவன். இலவச சட்ட உதவி வழக்குகளும் எடுப்பதுண்டு. அதனால் இந்தக் கேள்விக்கு எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அலபாமா மாநிலத்தின் ஸ்காட்ஸ்பரோ வழக்கு. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வழக்கில் எல்லாமே விவரத்தில்தான் இருக்கிறது.

1931 மார்ச் 25. பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த காலம். வேலை தேடி ஊர் ஊராகப் போகிறவர்கள் சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு போவது சகஜம். சட்டனூகாவிலிருந்து மெம்பிஸ் பக்கம் போன ஒரு சரக்கு ரயிலில் கறுப்பின இளைஞர்களுக்கும் வெள்ளை இளைஞர்களுக்கும் கைகலப்பு. வெள்ளை இளைஞர்கள் ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டார்கள். அவர்கள் போய்ப் புகார் சொல்ல, பெயின்ட் ராக் என்ற சின்ன ஸ்டேஷனில் துப்பாக்கிகளோடு ஒரு கூட்டம் ரயிலை மறித்தது. ஒன்பது கறுப்பின இளைஞர்கள் பிடிபட்டார்கள். மிக இளையவர்களுக்கு 12, 13 வயது. மூத்தவருக்கே 20-ஐ ஒட்டித்தான் இருக்கும். அதே ரயிலில் விக்டோரியா பிரைஸ், ரூபி பேட்ஸ் என்று இரண்டு வெள்ளைப் பெண்களும் இருந்தார்கள், ஹன்ட்ஸ்வில் பஞ்சாலைத் தொழிலாளிகள். இந்த ஒன்பது பேரும் தங்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள் என்று சொன்னார்கள்.

அந்தக் காலத்து அலபாமாவில் இந்தக் குற்றச்சாட்டு வந்துவிட்டால் அதற்கு மேல் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். அன்று இரவே ஸ்காட்ஸ்பரோ சிறையை ஜனம் சூழ்ந்துகொண்டது. ஆளுநர் தேசியக் காவல் படையை அனுப்பித்தான் அவர்கள் உயிரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பிடிபட்டவர்களில் ஓலன் மான்ட்கோமரிக்குக் கண் பார்வை கிட்டத்தட்ட இல்லை. வில்லி ராபர்சன் நோய் முற்றி, தடி ஊன்றி நடப்பவர். ஓடும் சரக்கு ரயிலில் பெட்டிக்குப் பெட்டி தாவிக் குற்றம் செய்தார் என்று இவர் மேலும் வழக்கு.

பிடிபட்டதிலிருந்து பன்னிரண்டாம் நாள் விசாரணை தொடங்கிவிட்டது. வக்கீல்? நீதிபதி அந்த ஊர் வக்கீல்கள் அத்தனை பேரையும் மொத்தமாக நியமித்திருந்தார். எல்லாரையும் நியமித்தால் யாரையுமே நியமிக்கவில்லை என்றுதான் அர்த்தம், எந்த வக்கீல் சங்கத்தில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சட்டனூகாவிலிருந்த கறுப்பினப் போதகர்கள் சுமார் 50 டாலர் வசூலித்து ஸ்டீஃபன் ராடி என்ற வக்கீலை அனுப்பிவைத்தார்கள். அவர் நிலப் பத்திர வேலை பார்ப்பவர். அலபாமாவின் நடைமுறை தனக்குத் தெரியாது என்று அவரே நீதிமன்றத்தில் சொன்னார். குடித்துவிட்டு வந்திருந்தார் என்று அங்கே இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கூட நின்ற உள்ளூர் வக்கீல் மைலோ மூடி, எழுபதை நெருங்கியவர். கட்சிக்காரர்களிடம் பேச இவர்களுக்குக் கிடைத்தது அரை மணி நேரம் போல.

நாலே நாளில் எல்லாம் முடிந்தது. எட்டுப் பேருக்கு மின்சார நாற்காலி. முதல் தீர்ப்பு வந்ததும் வெளியே கூடியிருந்த கூட்டம் ஆரவாரம் செய்தது, பேண்டு வாத்தியம் முழங்கியது. ஒன்பதாவது ஆளான ராய் ரைட் சிறுவன் என்பதால் அரசுத் தரப்பே ஆயுள் தண்டனைதான் கேட்டது. ஜூரிகளில் பதினொரு பேர் அதற்கும் சம்மதிக்காமல் மரணம்தான் வேண்டும் என்று நின்றதால் அவன் வழக்கு மட்டும் முடிவில்லாமல் போனது.

கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த சர்வதேசத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு அப்பீலைக் கையில் எடுத்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1932 நவம்பர் 7-ல் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தண்டனைகளை ரத்து செய்தது. இதுதான் பவல் எதிர் அலபாமா. தீர்ப்பை எழுதிய ஜார்ஜ் சதர்லண்ட் முற்போக்காளரே கிடையாது, பழமைவாதி. ஆனாலும் அவர் ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்தார். குற்றம் சாட்டப்பட்ட நாளுக்கும் விசாரணை தொடங்கிய நாளுக்கும் நடுவில்தான் வக்கீல் கட்சிக்காரரோடு உட்கார்ந்து பேச வேண்டும், விசாரிக்க வேண்டும், தயாராக வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு அந்த நாட்களில் யாருமே இல்லை. மரண தண்டனை வழக்கில் வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு நீதிமன்றமே ஒருவரைத் தர வேண்டும், அதுவும் உருப்படியாக உதவக்கூடிய விதத்தில் தர வேண்டும் என்று முதன்முதலில் சொன்ன தீர்ப்பு இது. 1951-ல் தெலங்கானாப் போராட்டத்தில் மரண தண்டனை பெற்றவர்களின் ஜனார்தன் ரெட்டி வழக்கில் நம் உச்ச நீதிமன்றத்திலும் இந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்லப்பட்டது. வக்கீல் இல்லாமல் நடந்த விசாரணை என்பதற்காக மட்டுமே அது செல்லாமல் போய்விடாது என்று அப்போது நம் நீதிபதிகள் அதை ஏற்கவில்லை.

சரி, அப்புறம் நல்ல வக்கீலே கிடைத்தார். உங்கள் கேள்விக்கான பதில் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

நியூயார்க்கின் சாமுவேல் லீபோவிட்ஸ். ருமேனியாவிலிருந்து வந்த யூதக் குடும்பம். கிரிமினல் வழக்குகளில் அவர் காலத்தில் அமெரிக்காவிலேயே முதல் வரிசைக்காரர். பீஸ் எதுவும் வாங்காமல் வந்தார். மறுவிசாரணை 1933-ல் டிகேட்டர் என்ற ஊருக்கு மாற்றப்பட்டது. முதலில் ஹேவுட் பேட்டர்சன் மீதான வழக்கு. லீபோவிட்ஸ் சாட்சிகளைத் தொடுவதற்கு முன்னால் ஜூரிப் பட்டியலைத் தொட்டார்.

நம்மிடம் ஜூரி முறை வழக்கொழிந்துவிட்டதால் இது கொஞ்சம் விளங்காது. அங்கே குற்றம் நிரூபணமா இல்லையா என்பதை ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் முடிவு செய்வார்கள். யார் அந்தப் பன்னிரண்டு பேர்? மாவட்டத்தில் ஒரு பட்டியல் உண்டு. நேர்மையும் அறிவும் நல்ல பெயரும் உள்ளவர்கள் என்று கமிஷனர்கள் நினைப்பவர்களை அதில் சேர்ப்பார்கள். கறுப்பினத்தவரைச் சேர்க்கக் கூடாது என்று சட்டம் போடுவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1880-லேயே சொல்லிவிட்டது. ஆகவே சட்டத்தில் தடை இல்லை. பட்டியலில் பெயர் வராது, அவ்வளவுதான். முதலில் குற்றச்சாட்டு பதிவான ஸ்காட்ஸ்பரோ இருக்கும் ஜாக்சன் மாவட்டத்தில் 1930 கணக்குப்படி 21 வயதைத் தாண்டிய ஆண்கள் 8,801 பேர், அதில் கறுப்பினத்தவர் 666 பேர். அந்த 666 பேரில் ஒருவர்கூட நினைவு தெரிந்த காலம் முதல் ஜூரியில் உட்கார்ந்ததில்லை.

இதை நிரூபிக்க லீபோவிட்ஸ் அந்த ஊர்க் கறுப்பினப் பெரியவர்களையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார். அவர்கள் வந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். லீபோவிட்ஸ் வழக்கு முடிந்ததும் நியூயார்க் ரயில் ஏறிவிடுவார். இவர்கள் அதே ஸ்காட்ஸ்பரோவில் நாளைக்கும் வாழ வேண்டும். அதில் ஜான் சான்ஃபோர்ட் என்பவரை மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் தாமஸ் நைட் குறுக்கு விசாரணை செய்தபோது, முகத்துக்கு நேரே விரலை நீட்டி ‘ஜான்’ என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். லீபோவிட்ஸ் எழுந்து, விரலை இறக்குங்கள், மிஸ்டர் சான்ஃபோர்ட் என்று கூப்பிடுங்கள் என்றார். அப்படிக் கூப்பிடும் பழக்கம் எனக்கு இல்லை என்று பதில் சொன்னார் நைட். வயதில் மூத்தவரை வா, போ என்று ஒருமையில் விளிப்பது என்ன செய்யும் என்று நம் கோர்ட் வராந்தாக்களைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டன் ஜூரி ஆட்சேபணையை ஏற்கவில்லை. ஆனால் எல்லாம் ரெக்கார்டில் ஏறிவிட்டது.

அப்புறம் விசாரணை. லீபோவிட்ஸ் அந்தச் சரக்கு ரயிலின் மாதிரி ஒன்றைச் செய்துகொண்டு வந்து மேஜையில் வைத்தார், 32 அடி நீளம். எந்தப் பெட்டியில் இருந்தீர்கள் என்று விக்டோரியா பிரைஸைக் கேட்டால், நான் வந்த ரயில் இதைவிட ரொம்பப் பெரியது என்று பிடி கொடுக்காமல் பதில் வந்தது. சட்டனூகாவில் தங்கியதாக அவர் சொன்ன விடுதியே இல்லை என்று காட்டினார். சம்பவம் நடந்ததாகச் சொன்ன இரண்டு மணி நேரத்துக்குள் பெண்களைப் பரிசோதித்த டாக்டர் பிரிட்ஜஸ், அரசுத் தரப்புச் சாட்சிதான், அவர்கள் பதற்றமில்லாமல் இருந்தார்கள், பலமான காயம் எதுவும் இல்லை என்றார். கடைசியில் எதிர்த்தரப்பு சாட்சியாக வந்தவர் ரூபி பேட்ஸ். புகார் கொடுத்தவர்களில் ஒருவரே கூண்டில் ஏறி, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொன்னார்.

இதற்கு மேல் ஒரு வக்கீல் என்ன செய்ய வேண்டும்? அரசுத் தரப்பில் வேட் ரைட் எழுந்து, நியூயார்க்கிலிருந்து வந்த யூதப் பணத்தால் அலபாமாவின் நீதியை விலைக்கு வாங்க முடியாது என்று காட்டுங்கள் என ஜூரிகளிடம் சொன்னார். அது போதுமானதாக இருந்தது. 1933 ஏப்ரல் 9, பேட்டர்சனுக்கு மறுபடியும் மரண தண்டனை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அரசுத் தரப்பு அழைக்கவிருந்த இன்னொரு மருத்துவர், இளம் டாக்டர் மார்வின் லிஞ்ச். அவரைக் கூண்டில் ஏற்றாமலே விட்டுவிட்டார்கள். விசாரணை நடுவே அவர் தன்னைத் தனியாகச் சந்தித்து, அந்தப் பெண்களுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை என்று தனக்குத் தெரியும் என்றதாகவும், வெளியே சொன்னால் ஜாக்சன் மாவட்டத்துக்குத் திரும்பிப் போக முடியாது என்று மறுத்துவிட்டதாகவும் நீதிபதி ஹார்ட்டன் பல வருடங்கள் கழித்துச் சொன்னார். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை என்று மறுத்தார். நான் ஹார்ட்டனை நம்புகிறேன். உண்மை தெரிந்தவர் இருந்தும், அந்த ஊரில் தொழில் செய்து பிழைக்க வேண்டுமே என்பதால் வாயைத் திறக்க முடியாத நிலை. பிரிவினை ஊறிப்போன ஊரில் எதிர்த்தரப்பு வக்கீலுக்குச் சாட்சி கிடைக்காமல் போவது பெரும்பாலும் இப்படித்தான். பொய் சொல்ல வருபவர்களைக் குறுக்கு விசாரணையில் மடக்கலாம். வீட்டிலேயே இருந்துவிடுபவரை என்ன செய்வது?

ஹார்ட்டன் 1933 ஜூன் 22-ல், சாட்சியங்களை வரிவரியாக அலசி, ஜூரி கொடுத்த தீர்ப்பைத் தானே ரத்து செய்தார். விசாரணையின்போதே, கைதிகளைத் தூக்கிக்கொண்டு போக யாராவது வந்தால் காவலர்கள் உயிரைக் கொடுத்துத் தடுப்பார்கள் என்று திறந்த நீதிமன்றத்தில் எச்சரித்தவர் அவர். அடுத்த வருடத் தேர்தலில் தோற்றார். அங்கே நீதிபதிப் பதவிக்கும் ஓட்டுத்தான். தன் ஊர் மக்களின் ஓட்டை நம்பியிருந்த ஒரு மனிதர், தெரிந்தே செய்தார். இந்த வழக்கில் யாரையாவது கையெடுத்துக் கும்பிட வேண்டுமானால் நான் முதலில் சான்ஃபோர்டையும் அவரோடு வந்தவர்களையும், அடுத்து ஹார்ட்டனையும்தான் கும்பிடுவேன்.

வழக்கு வேறு நீதிபதிக்குப் போனது. வில்லியம் காலஹன். அவர் நடத்திய விதத்தைப் பற்றி ஒன்றே ஒன்று சொன்னால் போதும்: விடுதலை செய்வதானால் எந்தப் படிவத்தில் எழுத வேண்டும் என்பதையே ஜூரிக்குச் சொல்ல மறந்தார், லீபோவிட்ஸ் போய் நினைவுபடுத்த வேண்டியிருந்தது. பேட்டர்சனுக்கும் கிளாரன்ஸ் நாரிஸுக்கும் மீண்டும் மரண தண்டனை.

ஆனால் இந்த முறை ஜூரிப் பட்டியலில் ஒரு விசித்திரம். ஜாக்சன் மாவட்டப் புத்தகத்தில் திடீரென்று சில கறுப்பினத்தவரின் பெயர்கள் இருந்தன. பழைய பெயர்களையும் புதிய பெயர்களையும் பிரிக்க இடையில் சிவப்பு மையில் கோடு இழுத்திருந்தார்கள். லீபோவிட்ஸ் அழைத்துவந்த கையெழுத்து நிபுணர், இந்தப் பெயர்கள் சிவப்புக் கோட்டின் மேலேயே எழுதப்பட்டிருக்கின்றன, அதாவது கோடு போட்ட பிறகு சேர்த்தவை என்றார். காலஹன் கண்டுகொள்ளவில்லை. 1935 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் லீபோவிட்ஸ் இதைச் சொன்னபோது, தலைமை நீதிபதி சார்ல்ஸ் ஹியூஸ், இதை உங்களால் நிரூபிக்க முடியுமா என்று கேட்டார். லீபோவிட்ஸ் கையோடு கொண்டுபோயிருந்த அந்தப் பட்டியலையே நீட்டினார். ஒவ்வொரு நீதிபதியாக பூதக்கண்ணாடியை வைத்து அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தார்கள். 1935 ஏப்ரல் 1-ல் நாரிஸ் எதிர் அலபாமா தீர்ப்பு வந்தது, தண்டனை ரத்து. தகுதியுள்ள கறுப்பினத்தவர் இருந்தும் தலைமுறை தலைமுறையாக ஒருவர்கூடக் கூப்பிடப்படவில்லை என்றால், அதுவே பாகுபாட்டுக்குச் சான்று, அதைத் தாண்டி விளக்கம் சொல்ல வேண்டியது அரசின் பொறுப்பு என்றது தீர்ப்பு. சான்ஃபோர்டும் மற்றவர்களும் கூண்டில் ஏறிச் சொன்னதுபோன்ற சாட்சியம்தான் அதன் அஸ்திவாரம்.

இதோடு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள் என்று நினைக்காதீர்கள். குற்றச்சாட்டு பதியும் ஜூரியில் ஒரே ஒரு கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொண்டு அலபாமா புதிதாகக் குற்றச்சாட்டு பதிந்தது. பேட்டர்சனுக்கு நாலாவது விசாரணையில் 75 வருடம். நாரிஸுக்கு மூன்றாவது முறையாக மரணம், பிறகு ஆளுநர் அதை ஆயுளாகக் குறைத்தார். ஆண்டி ரைட்டுக்கு 99, சார்லி வீம்ஸுக்கு 75. 1937 ஜூலையில் வேறு நாலு பேர் மீதான குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்று விடுவித்தார்கள். மிஞ்சிய ஓஸி பவல் மீதான பாலியல் குற்றச்சாட்டைக் கைவிட்டு, காவலரைத் தாக்கியதற்காக 20 வருடம் கொடுத்தார்கள். ஒரே ரயில், ஒரே புகார், ஒரே சாட்சி. நாலு பேர் நிரபராதி, நாலு பேர் குற்றவாளி. இதை நான் எத்தனை முறை படித்தாலும் ஆத்திரம் அடங்குவதில்லை. ஆண்டி ரைட் கடைசியாகச் சிறையை விட்டு வந்தது 1950-ல். நாரிஸுக்கு 1976-ல் மன்னிப்பு கிடைத்தது. மன்னிப்பு கிடைக்காமல் செத்துப்போன பேட்டர்சனுக்கும் வீம்ஸுக்கும் ஆண்டி ரைட்டுக்கும் அது 2013 நவம்பரில் வந்தது.

லீபோவிட்ஸிடம் குறை இல்லாமல் இல்லை. டிகேட்டர் தீர்ப்புக்குப் பிறகு நியூயார்க் திரும்பியவர், அந்த ஜூரிகளின் முகத்தையும் தோற்றத்தையும் பழித்துப் பேட்டி கொடுத்தார். கோபம் புரிகிறது. ஆனால் இன்னும் எட்டுப் பேர் அதே மக்கள் கையில் மாட்டியிருக்கும்போது வக்கீல் அப்படிப் பேசக் கூடாது. அந்தப் பேச்சு அலபாமாவில் கடைசிவரை அவரை விடவில்லை. 1936-ல் அவரே பின்னால் உட்கார்ந்துகொண்டு உள்ளூர் வக்கீல் கிளாரன்ஸ் வாட்ஸை முன்னால் நிறுத்த வேண்டி வந்தது.

கறுப்பின வக்கீல்களே இப்படிப்பட்ட ஊர்களில் போய் நின்ற கதையும் உண்டு. அதை விட்டுவிட்டால் பதில் முழுமையாகாது. 1933-ல் வர்ஜீனியாவின் லீஸ்பர்க்கில், இரண்டு வெள்ளைப் பெண்களைக் கொன்றதாக வழக்கில் சிக்கிய ஜார்ஜ் கிராஃபோர்டுக்காக சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் தலைமையில் முழுக்க முழுக்கக் கறுப்பின வக்கீல்கள் ஆஜரானார்கள். தண்டனையைத் தடுக்க முடியவில்லை, ஆயுளோடு நிறுத்தினார்கள். ஹூஸ்டனுடைய மாணவர் தர்குட் மார்ஷல். 1946-ல் டென்னசியின் கொலம்பியா நகரக் கலவர வழக்கில் 25 கறுப்பினத்தவருக்காக மார்ஷலின் அணி வக்கீல்கள் வாதாடினார்கள். முழுக்க வெள்ளையர் ஜூரியே 23 பேரை விடுதலை செய்தது. அப்படியும் நடந்திருக்கிறது, அதனால்தான் முதலில் ‘அநேகமாக’ என்று எழுதினேன். அதற்கான விலையும் உடனே வந்தது. அதே கலவரத்தில் வேறு இருவர் மீதான வழக்கும் முடிந்து நாஷ்வில் திரும்பும் வழியில் போலீஸ் காரை மறித்து, குடித்துவிட்டு ஓட்டினார் என்று மார்ஷலை மட்டும் தங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆற்றுப் பக்கம் திருப்பியது. சகாக்கள் விடாமல் பின்தொடர்ந்ததால்தான் ஊருக்குள் திரும்பிவந்தார்கள். நீதிமன்ற நடுவர் வாயை ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார். பின்னாளில் மார்ஷல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இதெல்லாம் பழைய கதை என்று தோன்றினால் மிசிசிப்பியின் கர்டிஸ் ஃபிளவர்ஸ் வழக்கைப் பாருங்கள். 1996-ல் நடந்த நான்கு கொலைகளுக்காக ஒரே அரசு வழக்கறிஞர் அவரை ஆறு முறை விசாரணைக்கு நிறுத்தினார். ஆறிலும் சேர்த்து, நீக்க வாய்ப்பிருந்த 42 கறுப்பின ஜூரிகளில் 41 பேரை அரசுத் தரப்பு நீக்கியது. ஆறாவது விசாரணையில், நீக்கப்பட்ட ஐந்து கறுப்பினத்தவரிடம் மொத்தம் 145 கேள்விகள் கேட்டார்கள். தேர்வான பதினொரு வெள்ளையரிடம் மொத்தமே 12 கேள்விகள். யாரோ ஒருவர் பழைய விசாரணைப் பதிவுகளை உட்கார்ந்து எண்ணியதால் கிடைத்த கணக்கு இது. 2019-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது, 2020 செப்டம்பரில் வழக்கே கைவிடப்பட்டது.

நீங்கள் சட்டம் படிப்பவராக இருந்தால், வகுப்பில் பவல் தீர்ப்பைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். நீங்கள் நாரிஸ் தீர்ப்பையும் எடுத்துப் படியுங்கள். அதிகம் பெரியது இல்லை, ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம். அதில் ஹியூஸ் அந்தச் சாட்சிகள் ஒவ்வொருவரும் என்ன சொன்னார்கள் என்று எடுத்துக்காட்டும் பக்கங்களை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.